ஸ்லீவ் செய்தும் எடை திரும்பிவிட்டது… மறுபடி ஆபரேஷனா?

வாசகர் கேள்வி - பதில்

எடையைக் குறைக்க வயிற்றில் செய்யும் பலூன், பேண்ட், ஸ்லீவ், பைபாஸ் என்று ஏதோ ஒன்றை ஏற்கெனவே செய்துகொண்டு, அது கைகொடுக்காமல் போனவர்களின் கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஊரைத் தவிர மற்ற அடையாளங்களை நீக்கியிருக்கிறோம்.

*

எனக்கு 41 வயது. உயரம் 158 செ.மீ. 2018-ல் 112 கிலோ இருந்தபோது ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். ஒன்றரை வருடத்தில் 78 கிலோவுக்கு வந்தேன். இப்போது 96. பிரஷர் மாத்திரை திரும்ப வந்துவிட்டது. ராத்திரி படுத்தால் புளித்தண்ணீர் தொண்டைக்கு ஏறுகிறது. ஒரு டாக்டர், 'வயிறு விரிந்துவிட்டது, மறுபடி வெட்டித் தைக்கலாம்' என்கிறார். இன்னொருவர் மினி பைபாஸ் என்கிறார். வீட்டிலோ, 'வாயைக் கட்டியிருந்தால் இந்தக் கதி வருமா' என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?
- வாசகி, திருப்பூர்

வீட்டில் சொல்வதை முதலில் ஒதுக்கிவையுங்கள். எடை இறங்கியதும் உடல் அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் சுரப்புகள் கூடுகின்றன, ஓய்வில் எரியும் கலோரி குறைகிறது. ஸ்லீவ் செய்தவர்களில் பலருக்கு இரண்டாம், மூன்றாம் வருடத்திலிருந்து சில கிலோ ஏறுவது இதனால்தான். அந்தச் சில கிலோவைத் தோல்வி என்று சொல்வதில்லை. ஆனால் உங்கள் கணக்கு அதைத் தாண்டிவிட்டது.

நீங்கள் குறைத்தது 34 கிலோ. அதில் 18 கிலோ, அதாவது பாதிக்கு மேல், திரும்பிவிட்டது. முதலில் இருந்த எடையோடு ஒப்பிட்டால் இன்று மிஞ்சியிருக்கும் குறைவு 14 விழுக்காடுதான். உயரத்துக்கு எடை எவ்வளவு கூடுதல் என்று காட்டும் பி.எம்.ஐ. 38.5. பிரஷரும் திரும்பியிருக்கிறது, எதுக்களிப்பும் இருக்கிறது. மறு சிகிச்சை பற்றி யோசிக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறீர்கள். ஆனால் 'எந்த ஆபரேஷன்?' என்ற கேள்வி இரண்டாவதாக வர வேண்டியது. 'முதலாவது ஏன் நிற்கவில்லை?' என்பதற்கு இரண்டு டாக்டர்களும் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் கையில் இல்லாமல் எந்த மேசையிலும் படுக்காதீர்கள்.

ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலாக நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைக்காய் போன்ற ஒரு குழாயை மட்டும் விடுகிறார்கள். அது பல விதங்களில் பிசகலாம். இரைப்பையின் மேல்முனைப் பை முழுதாக எடுக்கப்படாமல் மிச்சம் இருந்திருக்கலாம். பசியைத் தூண்டும் கிரெலின் அதிகம் சுரப்பதும், எளிதில் விரிவதும் அந்த இடம்தான். குழாய் முழுவதுமே வருடப்போக்கில் அகன்றிருக்கலாம். இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தின் வழியாக மார்புக்குள் ஏறியிருக்கலாம். ஹையாட்டல் ஹெர்னியா என்பது அதுதான், உங்கள் புளித்தண்ணீருக்கு அது காரணமாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. பலருக்குத் தோன்றாத இன்னொன்றும் உண்டு. குழாயின் நடு வளைவு குறுகிப்போயிருக்கலாம். குறுகினால் எடை குறையத்தானே வேண்டும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. கறியும் சுண்டலும் அங்கே சிக்கி வாந்தி வருவதால், சிக்காமல் இறங்கும் பிஸ்கட், ரஸ்க், ஐஸ்கிரீம், சர்க்கரை போட்ட காபி என்று சாப்பாடு மெல்ல மாறிவிடும். எடை ஏறும். இப்படிப்பட்டவருக்கு 'வயிறு விரிந்துவிட்டது' என்று இன்னும் வெட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

ஆகவே வரிசையாக இவற்றைச் செய்யுங்கள். முதல் ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, ஆபரேஷன் குறிப்பையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். எந்த அளவுக் குழாயை உள்ளே வைத்து வெட்டினார்கள், இரைப்பையின் கீழ்வாயிலிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளி வெட்டத் தொடங்கினார்கள், ஹெர்னியா தென்பட்டதா என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்து எண்டோஸ்கோபி. எதுக்களிப்பு நீடித்தால் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதித் தோல் மாறிப்போகும், பேரட் என்பார்கள். அது இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஸ்லீவ் செய்தவர்கள் தொந்தரவு இல்லாவிட்டாலும் முதல் வருடம் ஒரு தடவையும், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவையும் எண்டோஸ்கோபி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது உலக பேரியாட்ரிக் (எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை) கூட்டமைப்பின் பரிந்துரை. நம் ஊரில் இதை நினைவூட்டிக் கூப்பிடுபவர்கள் குறைவு. மூன்றாவது, பேரியம் விழுங்கி எடுக்கும் எக்ஸ்ரே அல்லது இரைப்பையை விரித்து எடுக்கும் சி.டி. ஸ்கேன். குழாயின் வடிவம் அதில்தான் தெரியும். தேவைப்பட்டால் 24 மணி நேர அமில அளவீடும், உணவுக்குழாய் அழுத்தச் சோதனையும். ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு சுரப்பு, அல்புமின், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை. குறையோடு போய்ப் படுத்தால் தையல் ஆறுவது தாமதமாகும்.

மாத்திரைப் பையையும் கொட்டிப் பாருங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், கிளிமிபிரைடு வகைச் சர்க்கரை மாத்திரை, பயோகிளிட்டசோன், ஓலான்ஸபைன், வால்ப்ரோவேட், அமிட்ரிப்டிலின், மிர்டஸபைன் ஆகியவை எடையை ஏற்றக்கூடியவை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்தவரிடம் மாற்று கேளுங்கள்.

இனி ஆபரேஷன் வகைக்கு வருவோம். உங்களுக்கு எதுக்களிப்பு இருப்பதால் மறுபடி ஸ்லீவ் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. குழாயை இன்னும் ஒடுக்கினால் உள்ளழுத்தம் கூடி அமிலம் மேலே ஏறும். மேல்முனைப் பை மிச்சமிருப்பது எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிந்து, எதுக்களிப்பு அறவே இல்லாதவருக்கு மட்டுமே அது பொருந்தலாம். மினி பைபாஸில் குடல் இரைப்பையோடு ஒரே இடத்தில் இணைவதால் பித்தநீர் இரைப்பைக்குள் வர வழியுண்டு. எதுக்களிப்பு இல்லாதவர்களுக்கு அது நன்றாக வேலை செய்கிறது, நேரமும் குறைவு. உணவுக்குழாய் ஏற்கெனவே புண்பட்டிருந்தால் நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம். உங்களைப் போன்றவருக்கு ரூ-ஒய் பைபாஸ்தான் முதல் தேர்வு. ஏறத்தாழ 30 மில்லி பிடிக்கும் சிறு பையை மேலே பிரித்து, அதோடு சிறுகுடலை இணைத்து, பித்தநீர் ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி வந்து சேரும்படி செய்வார்கள். ஹெர்னியா இருந்தால் கூடவே தைத்துவிடலாம்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். எதுக்களிப்பு தீர்வதை நம்பிப் போகலாம். கிலோ விஷயத்தில் முதல் முறை போல 34 இறங்கும் என்று எண்ணாதீர்கள். மறு ஆபரேஷனில் எடைக்குறைவு பொதுவாக முதல் முறையைவிடக் குறைவு. ஒட்டுத்தசையும் வடுவும் இருப்பதால் கசிவு, ரத்தப்போக்கு ஆபத்து முதல் முறையைவிட அதிகம். எனவே மறு ஆபரேஷன் அடிக்கடி செய்கிற கைகளைத் தேடுங்கள். 'ஸ்லீவிலிருந்து பைபாஸுக்கு மாற்றியது இதுவரை எத்தனை? அதில் கசிவு எத்தனை பேருக்கு?' என்று நேராகக் கேளுங்கள். பேரியாட்ரிக் வேலையில் ஊறியவர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

*

வயது 29. உயரம் 160 செ.மீ., எடை 94 கிலோ. பி.சி.ஓ.டி. (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பயந்து வயிற்றில் பலூன் வைத்துக்கொண்டேன். ஆறு மாதத்தில் 82-க்கு வந்தேன். எடுத்த பிறகு ஒரே வருடத்தில் 93. இன்னொரு பலூன் வைக்கச் சொல்கிறார்கள். அடுத்த வருடம் குழந்தைக்கு முயல நினைக்கிறோம்.
- வாசகி, மதுரை

பலூன் உங்களிடம் தோற்கவில்லை, அதன் வேலை அவ்வளவுதான். 400 முதல் 700 மில்லி வரை நீல மருந்து கலந்த உப்புநீரை நிரப்பி, இரைப்பையில் ஓர் இடத்தை அடைத்துவைக்கிறார்கள். இடத்தைக் காலி செய்ததும் பசி பழையபடி வரும். இடைப்பட்ட ஆறு மாதத்தில் சாப்பாட்டு முறை நிரந்தரமாக மாறினால் ஒழிய எடை திரும்புவது வழக்கம். முதல் பலூன் எடுத்ததும் கிட்டத்தட்ட முழு எடையும் திரும்பிய ஒருவருக்கு இரண்டாவது பலூன் வேறு விதமாக வேலை செய்யும் என்று எதிர்பார்க்க எங்களுக்குக் காரணம் தெரியவில்லை. அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பி.எம்.ஐ. 36.3. அமெரிக்க, உலக பேரியாட்ரிக் அமைப்புகள் 2022-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல்படி 35-ஐத் தாண்டினால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே பேசலாம். ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் தகுதி உங்களுக்கு உண்டு. இடிப்பது குழந்தைக்கான காலக்கெடுதான். ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் தள்ளிப்போட வேண்டும். எடை வேகமாக இறங்கும்போது குழந்தைக்குப் போகும் சத்தும் சேர்ந்தே குறையும். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பி.சி.ஓ.டி. உள்ளவர்களுக்கு எடை இறங்கிய சில மாதத்திலேயே மாதவிலக்கு ஒழுங்காகி, எதிர்பாராமல் கரு நின்றுவிடும். 'நமக்குத்தான் தங்காதே' என்று அலட்சியமாக இருக்கும் நேரம் அது. பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படும் என்று சொல்ல முடியாது. காப்பர்-டி போன்றவை நம்பகமானவை.

ஆகவே இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். குழந்தை அடுத்த வருடமே வேண்டும் என்றால் இப்போது ஆபரேஷன் வேண்டாம்; உணவு, நடை, மெட்ஃபார்மின், மகப்பேறு மருத்துவர் என்று போகலாம். எடைக்குறைப்பு ஊசி போட்டாலும் செமாகுளுட்டைடைக் கர்ப்பத்துக்கு முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். இரண்டு வருடம் பொறுக்க முடியும் என்றால் ஆபரேஷனை முதலில் முடித்துக்கொள்வது தாய்க்கும் சேய்க்கும் நல்லது. பி.எம்.ஐ. 36-ல் கர்ப்பகாலச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வர அதிக வாய்ப்புண்டு. பலூனால் இரைப்பைச் சுவர் தடித்துப்போயிருக்கும், ஸ்டேப்ளர் அதில் சரியாகப் பிடிக்காது என்பதால் எடுத்த பிறகு சில வாரம் விடுவார்கள். உங்களுக்கு ஒரு வருடம் ஆகிவிட்டது, அந்தக் கவலை இல்லை.

*

மெல்பர்னில் இருக்கிறேன். 2011-ல் இங்கே பேண்ட் போட்டார்கள். முதலில் 20 கிலோ குறைந்தேன், இப்போது எல்லாம் திரும்பிவிட்டது. சோறு தொண்டையில் நிற்கிறது. இரவில் இருமல். பேண்டை எடுத்துவிட்டு அதே நாளில் ஸ்லீவ் செய்துவிடலாமா?
- வாசகர், ஆஸ்திரேலியா

ஆஸ்திரேலியாவில் ஒரு காலத்தில் பேண்ட், அதாவது இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றி இறுக்கும் வளையம், மிகப் பரவலாகப் போடப்பட்டது. இப்போது அங்கே பேண்டைக் கழற்றுவதே பெரிய வேலையாக இருக்கிறது. சோறு நிற்பதும் இரவு இருமலும் அசட்டை செய்யக் கூடியவை அல்ல. பேண்ட் நழுவியிருக்கலாம், மேலிருக்கும் உணவுக்குழாய் பலூன் போல விரிந்திருக்கலாம், பேண்ட் இரைப்பையை அரித்துக்கொண்டு உள்ளே இறங்கியிருக்கலாம். முதல் வேலை, தோலுக்கடியில் இருக்கும் போர்ட்டில் ஊசி குத்தி உள்ளே இருக்கும் உப்புநீர் முழுவதையும் எடுப்பது. சில நிமிட வேலைதான். அப்போதே இருமல் நின்றுவிட்டால் காரணத்தில் பாதி தெரிந்துவிட்டது. பிறகு எண்டோஸ்கோபியும் பேரியம் எக்ஸ்ரேயும்.

அரிப்பு இருந்தால் ஒரே நாளில் இரண்டும் கூடவே கூடாது. எடுத்து, புண் ஆறி, மூன்று மாதமாவது கழித்துத்தான் அடுத்தது. அரிப்பு இல்லாவிட்டாலும் பேண்டைச் சுற்றித் தடித்த நார்த்தசை வளையம் உருவாகியிருக்கும். அதன் மேல் ஸ்டேப்ளர் அடித்தால் கசியும். பேண்ட் இருந்தவர்களுக்கு ஸ்லீவ் கசிவது அந்த இடத்தில்தான். நல்ல கைகளில் ஒரே நாளில் செய்வதும் உண்டு என்றாலும், உணவுக்குழாய் விரிந்திருக்கும் ஒருவருக்கு இரண்டு கட்டமாகச் செய்வதையே விரும்புவோம். விரிந்த உணவுக்குழாய்க்குக் கீழே ஸ்லீவ் என்ற அழுத்தமான குழாய் உதவாது. பைபாஸ் பற்றிக் கேளுங்கள்.

திடீரென்று எச்சில்கூட இறங்காமல் வயிற்று வலியும் வாந்தியும் வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நழுவிய பேண்ட் இரைப்பையின் ரத்த ஓட்டத்தையே நெரித்துவிடும்.

*

ஈரோட்டில் லைப்போசக்‌ஷன் செய்து 4 லிட்டர் கொழுப்பு எடுத்தார்கள். எடை குறையவே இல்லை. அடுத்து பேரியாட்ரிக் செய்யலாமா?
- வாசகி, ஈரோடு

அது எடைக்குறைப்புச் சிகிச்சையே அல்ல, வடிவம் திருத்தும் சிகிச்சை. தோலுக்கடியில் உள்ள கொழுப்பைத்தான் உறிஞ்சுகிறார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் காரணமான உள்வயிற்றுக் கொழுப்பு அப்படியே இருக்கும். ஆகவே நீங்கள் இன்னும் எதிலும் தோற்கவில்லை, முதல் முறை வருபவராகவே உங்களைப் பார்க்க வேண்டும். உயரம் எழுதவில்லை, பி.எம்.ஐ.யும் சர்க்கரை அளவும் எழுதுங்கள்.

*

வயது 52, உயரம் 172 செ.மீ. 2014-ல் 134 கிலோவில் பைபாஸ் செய்தேன். 92 வரை இறங்கி இப்போது 108. சர்க்கரை திரும்பி, கிளிமிபிரைடு போடுகிறேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் கை நடுங்கி வியர்க்கிறது, உடனே எதையாவது சாப்பிட வேண்டியிருக்கிறது. வாரம் இரண்டு நாள் 'சாப்பிடுவேன்'. குடலை இன்னும் நீளமாகச் சுற்றிவிட்டால் குறையும் என்கிறார்கள். புதிதாக வந்திருக்கும் ஊசி போதுமா?
- வாசகர், திருச்சி

உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்போ சோறோ வேகமாகக் குடலுக்குள் இறங்கி, இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து, ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை தடாலென்று விழும். கூடவே கிளிமிபிரைடும் சேர்ந்தால் இன்னும் விழும். விழுந்ததும் சாப்பிட வேண்டியிருக்கிறது, சாப்பிட்டதால் எடை. இந்த வாரமே சர்க்கரை டாக்டரிடம் போய் அந்த மாத்திரைக்கு மாற்று கேளுங்கள். நடுங்கும் நேரத்தில் குளுக்கோமீட்டரில் அளந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள்.

மதுவைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறோம். பைபாஸுக்குப் பிறகு அதே அளவு சாராயம் வேகமாகவும் அதிகமாகவும் ரத்தத்தில் ஏறுகிறது. அடிமையாகும் வாய்ப்பும் கூடுகிறது. கலோரி தனி, கூட வரும் மிக்சரும் வறுவலும் தனி. புகையும் உண்டென்றால் இணைப்பில் புண் வரும். அது உள்ளவருக்கு எந்த மறு ஆபரேஷனும் ஆகாது.

அடுத்து, எண்டோஸ்கோபியில் மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்பை விரிந்திருக்கிறதா? பையும் குடலும் இணையும் வாய் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டி அகன்றிருக்கிறதா? ஒதுக்கிவைத்த பழைய இரைப்பையோடு துளை விழுந்து மறுபடி பாதை திறந்திருக்கிறதா? துளை இருந்தால் அதற்கு ஆபரேஷன்தான். வாய் மட்டும் அகன்றிருந்தால், வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோபி வழியாகவே தையல் போட்டுச் சுருக்கலாம். இறங்கும் எடை மிதமானதுதான், ஆனால் அபாயமும் குறைவு.

குடலை 'இன்னும் நீளமாகச் சுற்றுவது' எங்களுக்கு மிகவும் தயக்கம் தரும் ஒன்று. உணவு உறிஞ்சப்படும் நீளம் குறையக் குறைய புரதம், இரும்பு, கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் எல்லாம் கழிவோடு போகும். கால் வீங்கி, ரத்தப் புரதமான அல்புமின் விழுந்து, குடலை மறுபடி பழையபடி இணைக்க வேண்டிவந்தவர்கள் உண்டு. வருடாவருடம் ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க மாத்திரையும் தவறாமல் எடுப்பவர்களுக்கு மட்டுமே அதைப் பற்றிப் பேச வேண்டும்.

ஊசிக்கு வருவோம். டிர்செப்படைடு 2025 மார்ச்சிலும், எடைக்கான செமாகுளுட்டைடு அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. இரண்டும் வாரம் ஒரு முறை. துளை எதுவும் இல்லையென்றால் உங்களுக்கு இரண்டாவது கத்திக்கு முன் இதைத்தான் முயல வேண்டும் என்போம். ஆபரேஷன் செய்தும் போதுமான அளவு குறையாதவர்களுக்கு இதே குடும்பத்துப் பழைய ஊசியான லிராகுளுட்டைடைக் கொடுத்து லண்டனில் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. 24 வாரத்தில் சுமார் 9 விழுக்காடு எடை குறைந்தது, வெற்று ஊசி போட்டவர்களுக்கு ஒரு விழுக்காடுகூட இல்லை. சர்க்கரைக்கும் நல்லது என்பதால் உங்களுக்கு இரட்டைப் பயன். ஆனால் நிறுத்தினால் எடை திரும்பும். செமாகுளுட்டைடை நிறுத்தியவர்கள் குறைத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஒரே வருடத்தில் திரும்பப் பெற்றார்கள். எனவே மாதச் செலவை எத்தனை வருடம் தாங்க முடியும் என்று கணக்குப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். கணையம் முன்பு வீங்கியிருந்தால், அல்லது குடும்பத்தில் மெடுலரி தைராய்டு புற்றுநோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசியால் பசி சுத்தமாகப் போய், ஏற்கெனவே பைபாஸ் செய்தவர் புரதமே சாப்பிடாமல் விட்டுவிடுவதும் நடக்கிறது. தசை கரைந்து இறங்கும் கிலோவால் யாருக்கும் நன்மை இல்லை.

*

அம்மாவுக்கு முன்பு செய்த பேண்டை மாற்றிப் பைபாஸ் செய்ய வேண்டும். இன்சூரன்ஸ் கொடுக்குமா?
- வாசகர், சென்னை

பாலிசியின் 'விலக்குகள்' பகுதியில் எண் 06 என்று ஒரு பத்தி இருக்கும். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொதுவான வாசகம் அது. மருத்துவர் பரிந்துரை, 18 வயது நிறைவு, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல். அல்லது 35-ஓ அதற்கு மேலோ இருந்து, எளிய முறைகள் பலிக்காத நிலையில் கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சடைப்பு, இதயநோய் போன்றவற்றில் ஒன்று. இவை இருந்தால் விலக்கு பொருந்தாது. கவனியுங்கள், மருத்துவ வழிகாட்டுதல் 2022-ல் இறங்கிவந்துவிட்டது. பாலிசி வாசகம் 1991-ல் அமெரிக்காவில் வகுத்த பழைய அளவையே ஒத்திருக்கிறது. டாக்டர் 'தகுதி உண்டு' என்றும், கம்பெனி 'இல்லை' என்றும் சொல்வது இதனால்தான்.

பேண்ட் நழுவியோ அரித்தோ இருந்தால், அது எடைக்கான ஆபரேஷன் அல்ல, சிக்கலுக்கான ஆபரேஷன். எண்டோஸ்கோபி அறிக்கையிலும் டாக்டரின் கடிதத்திலும் அது அப்படியே எழுதப்பட்டிருக்க வேண்டும். முன் அனுமதிக்குப் பழைய ஆபரேஷன் குறிப்பு, எடைப் பதிவுகள், தூக்கப் பரிசோதனை அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். பாலிசி எடுத்தபோது பழைய பேண்டை மறைத்திருந்தால் கோரிக்கை அங்கேயே விழக்கூடும்.

*

நாங்கள் சைவம், முட்டையும் இல்லை. பைபாஸுக்கு மாற்றினால் ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். எப்படிச் சாத்தியம்?
- வாசகி, கும்பகோணம்

சாம்பாரை நம்பினால் சாத்தியமில்லை. ஒரு கரண்டிச் சாம்பாரில் 2, 3 கிராம் புரதம் இருந்தாலே அதிகம். காலையில் 50 கிராம் பன்னீர் பொடிமாஸ், 9 கிராம். பதினொரு மணிக்கு பாலிலிருந்து எடுக்கும் வே புரதப் பொடி ஒரு கரண்டி, 20. மதியம் வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராம், 8. தயிர் 100 கிராம், மூன்றரை. மாலையில் பால் 200 மில்லி, ஆறரை. இரவு மீல்மேக்கர் உலர்ந்த எடையில் 30 கிராம், 15. மொத்தம் 62. சோற்றுக்கு இடமே மிஞ்சாது என்பீர்கள். ஆமாம், அப்படித்தான் இருக்க வேண்டும். தட்டில் புரதம் முதலில், காய் அடுத்து, சோறோ இட்லியோ கடைசியில் இடம் இருந்தால். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

மாத்திரைகள் ஆயுளுக்கும்: பி12, வைட்டமின் டி, கால்சியம் சிட்ரேட், இரும்பு. சைவத்தில் பி12 இயல்பாகவே குறைவு என்பதால் மாதம் ஒரு முறை 1000 மைக்ரோகிராம் ஊசி போட்டுக்கொள்வது சுலபம். கால்சியம் நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து. கால்சியத்துக்கும் இரும்புக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள். இரும்பு மாத்திரையை டிகிரி காபியோடு போடாதீர்கள், பாதி வீண்.

*

ஸ்லீவை பைபாஸாக மாற்ற அடுத்த மாதம் தேதி குறித்தாகிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகு எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?
- வாசகி, கோவை

ஆபரேஷனுக்கு முன் இரண்டு விஷயம். ஈரல் சுருங்குவதற்காக இரண்டு வாரம் 800 முதல் 1000 கலோரிக்குள் உணவு கொடுப்பார்கள். பெரிய ஈரல் இரைப்பையை மறைத்தால் சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோபியில் டாக்டரின் கை கட்டுண்டுபோகும், ஆகவே அதில் ஏமாற்றாதீர்கள். எடைக்குறைப்பு ஊசி போடுபவரானால் கடைசியாகப் போட்ட தேதியை மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லுங்கள். இரைப்பையில் உணவு தங்கியிருந்தால் மயக்கத்தின்போது நுரையீரலுக்குள் போய்விடும்.

முதல் சில நாள் தோள்பட்டை லேசாக வலிப்பது, வயிற்றில் ஊதிய காற்றால். நடந்தால் சரியாகும். சோர்வு, மலச்சிக்கல், மூன்றாம் மாதம் முடி கொட்டுதல் ஆகியவற்றுக்குப் பயம் வேண்டாம்.

நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால், காய்ச்சலோ மூச்சிரைப்போ கூட வந்தால், 'ஏதோ சரியில்லை' என்ற பதற்றம் இருந்தால், கசிவு என்றே எண்ணி ஆபரேஷன் செய்த இடத்துக்கே திரும்புங்கள். வயிறு வலிக்காமலும் கசிவு இருக்கும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். கருப்பாக மலம் போனால் ரத்தக்கசிவாக இருக்கலாம்.

வாந்தி நிற்காமல் இரண்டு மூன்று நாள் போனால், பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்துவிடாதீர்கள். தயமின் (வைட்டமின் பி1) குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிக்கப்படும். கண் இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் அதன் அறிகுறிகள். 'நான் பைபாஸ் செய்தவள், முதலில் தயமின் ஊசி' என்று நீங்களே சொல்லுங்கள். சொல்ல முடியாத நிலையில் கூட இருப்பவர் சொல்லட்டும்.

பல வருடம் கழித்தும் ஒன்று வரலாம். எடை இறங்கியதும் குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு கரைந்து, ஆபரேஷனில் உண்டான இடுக்குகள் அகலும். அதில் குடல் நுழைந்து சிக்கினால், சாப்பிட்டதும் முறுக்கிப் பிடிக்கும் வலி விட்டுவிட்டு வரும். 'கேஸ்' என்று சோடா குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம், சி.டி. கேளுங்கள். சி.டி.யும் சரி என்று வந்து வலி நிற்காவிட்டால் பேரியாட்ரிக் சர்ஜனே லேப்ராஸ்கோப் விட்டுப் பார்க்க வேண்டும்.

கை கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இனி ஆயுளுக்கும் கிடையாது, இணைப்பில் புண் வரும். பாராசிட்டமால் போடலாம். பித்தப்பைக் கல் வராமல் இருக்க ஆறு மாதத்துக்கு அர்சோடிஆக்ஸிகோலிக் அமில மாத்திரை எழுதியிருக்கிறார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். செய்த ஆபரேஷனின் பெயர், தேதி, குடல் இணைப்பின் நீளம், டாக்டரின் எண் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி ஆதார் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரியில் வேறோர் ஊரில் உங்களைப் பார்க்கும் டியூட்டி டாக்டருக்கு முதலில் வேண்டியது அதுதான்.